நாரைக்கும் திருக்கைக்கும் ஒரே கணக்கு... ஆனா ஆபத்து யாருக்கு?

சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரத்துக்குப் படகுல போனா, சேற்றுத் திட்டில் அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையைப் பார்க்கலாம். கடலூர் துறைமுகத்துல மீன் வாங்கப் போனா, சாட்டை போன்ற வாலோடு கிடக்கும் திருக்கையைப் பார்க்கலாம். ஒண்ணு பறவை, ஒண்ணு மீன். ஆனா இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு.

அகலம் ஒண்ணு, எடை வேற

சாம்பல் நாரை இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர் வரை இருக்கும். உடம்பெல்லாம் கரும்புள்ளி கொண்ட புள்ளித் திருக்கையும் 2 மீட்டர் அகலம் வரை வளரக்கூடியது. ஆனால் நாரையின் எடை 2 கிலோ வரைதான். திருக்கையோ 100 கிலோவையும் தாண்டும்!

முட்டையா, குட்டியா?

மீன்னா ஆயிரக்கணக்கில் முட்டை போடும்னுதானே நினைப்போம்? திருக்கை அப்படி இல்லை. அது குட்டி போடும். புள்ளித் திருக்கைக்கு ஒரு ஈற்றில் 3 முதல் 5 குட்டிகள். சாம்பல் நாரை இடும் முட்டைகளும் பெரும்பாலும் 3 முதல் 5 தான்.

அப்புறம் என்ன வித்தியாசம்?

நாரை சுமார் 25 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்து 7, 8 வாரங்களில் பறந்துவிடும். முட்டைகள் அழிந்தால் மறுபடியும் இடும். திருக்கையோ குட்டிகளை வயிற்றிலேயே மாதக்கணக்கில் சுமக்கும். வலையில் சிக்கும்போது கரு கலைந்து போவதும் உண்டு. தாய் சிக்கினால் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போச்சு.

யாருக்குப் பாதுகாப்பு?

நாரையை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது இரை தேடும் பிச்சாவரம் 2022-ல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. உலக அளவில் நாரைக்கு இப்போது அழியும் ஆபத்து இல்லை. ஆனால் புள்ளித் திருக்கை, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

தடைக்காலம் போதாதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிறைய முட்டையிடும் மீன்களுக்கு இது கைகொடுக்கும். மெதுவாகப் பெருகும் திருக்கைக்கு இது மட்டும் போதாது. அது மணலில் பதுங்கும் மீன் என்பதால், கடலின் அடியைத் துழாவும் இழுவலையில் எளிதில் மாட்டிக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

சினையாக உள்ள திருக்கை உயிரோடு சிக்கினால், கடலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஆனா வாலில் இருக்கும் நச்சு முள் ஜாக்கிரதை! கை, காலில் குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருந்து, உடனே மருத்துவமனைக்குப் போகணும்.