எடையைக் குறைத்தாயிற்று, அப்புறம்?

உடற்பயிற்சிக் கூடங்களின் விளம்பரத்தில் எப்போதும் இரண்டு படங்கள் இருக்கும். 'முன்பு' என்று ஒன்று, 'இப்போது' என்று இன்னொன்று. மூன்று ஆண்டு கழித்து அதே ஆள் எப்படி இருக்கிறார் என்று காட்டும் படத்தை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. பேலியோ, கீட்டோ, ராத்திரிப் பட்டினி, ஜூஸ் மட்டும் என்று ஏதாவது ஒரு வழியில் ஆறு மாதத்தில் எட்டுப் பத்து கிலோ குறைத்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே நாலு பேர் இருப்பார்கள். ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே இருப்பவர் ஒருவரைத் தேடினால்தான் சிரமம்.

இது நம் ஊர்ப் பிரச்சினையும்தான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். முந்தைய ஆய்வில் இது முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. எடை குறைப்பது பற்றி ஊரெல்லாம் பேச்சாகக் கிடக்கிறது. குறைத்ததைக் காப்பது பற்றித்தான் பேச ஆள் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலைக்கு உதவிய முறை இரண்டாவதற்கும் உதவும் என்று நினைப்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

உடம்பு விட்டுக்கொடுப்பதில்லை

எடை கூடி வந்தவரைப் பார்த்து 'வாயைக் கட்ட முடியவில்லை' என்று சொல்லிவிடுவது எளிது. அது பெரும்பாலும் அநியாயம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு எடைக் குறைப்புப் போட்டி நடந்தது. 2009-இல் அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் மறுபடி பரிசோதித்தார்கள். போட்டியின்போது அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. போட்டி முடிந்து ஆறு ஆண்டு ஆன பிறகும், எடை பெருமளவு கூடிய பிறகும், உடம்பு சிக்கனத்தை விடவில்லை.

செலவு குறைவது ஒரு பக்கம். பசி கூடுவது மறுபக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறியே இருந்தது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்கியே இருந்தது. குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது என்பது ஹால் குழுவின் இன்னொரு கணக்கு. பத்து கிலோ குறைத்தவருக்கு, ஒரு பெரிய சாப்பாட்டுக்கான பசி ஒவ்வொரு நாளும் கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதே எடையில் இருந்தும் அவருக்கு அந்தப் பசி இல்லை.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? எடை குறைந்த பிறகு பசிப்பதும், எடை ஓரிடத்தில் நின்றுவிடுவதும் தோல்வி இல்லை என்பது புரியும். தன்னையே திட்டிக்கொண்டு மொத்தத்தையும் கைவிடுவது குறையும்.

காப்பாற்றியவர்கள் செய்தது

1994-இல் ரெனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு' ஒன்றைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டாவது காத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சராசரியாக 30 கிலோ குறைத்து ஐந்தரை ஆண்டு காத்தவர்கள். குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் யார் உதவியும் இல்லாமல் தாங்களாகவே குறைத்தவர்கள்.

குறைத்த பிறகு அவர்கள் வாழ்ந்த விதத்தில்தான் ஒற்றுமை தெரிந்தது. 90 சதவீதம் பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைத்தார்கள், அதிலும் பெரும்பாலும் நடை. 75 சதவீதம் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தார்கள். 62 சதவீதம் பேர் வாரத்தில் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே டிவி பார்த்தார்கள். 78 சதவீதம் பேர் தினமும் காலைச் சாப்பாட்டைத் தவறவிடவில்லை.

கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 'காலை டிபன் சாப்பிட்டால் இளைக்கலாம்' என்று எழுதியவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஜெயித்தவர்களைக் கேட்டுத் திரட்டிய பட்டியல் இது. அதே பழக்கங்களை வைத்துக்கொண்டே தோற்றவர்கள் இதில் இல்லை. காலைச் சாப்பாட்டை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் அதனால் எடை குறைந்ததாகத் தெரியவில்லை. நடையின் கதை வேறு.

குறைக்கும்போது சாப்பாடு, காக்கும்போது கால்

உடலுழைப்பு எப்போது கைகொடுக்கிறது என்பதற்கு அந்தத் தொலைக்காட்சிப் போட்டியாளர்களிடமே விடை கிடைத்தது. போட்டி நடந்த மாதங்களில் யார் அதிகம் குறைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தது சாப்பாட்டை எவ்வளவு குறைத்தார்கள் என்பதே. ஆறு ஆண்டு கழித்து யார் அதிகம் காத்தார்கள் என்று பார்த்தபோது, வித்தியாசம் உடலுழைப்பில் இருந்தது. எடையைக் காத்தவர்கள் போட்டிக்கு முன்பு இருந்ததைவிட உடலுழைப்பைச் சுமார் 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள். கோட்டைவிட்டவர்கள் கூட்டியது 34 சதவீதம்.

'நடந்து பார்த்தேன், இளைக்கவே இல்லை' என்று அலுத்துக்கொள்பவர் சொல்வதும் பொய்யில்லை. அரை மணி நேர வேக நடைக்கு 120, 150 கலோரி போகலாம். மெரினாவிலோ கோவை ரேஸ் கோர்ஸிலோ நடந்துவிட்டு வாசல் கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேர். நடையை இளைப்பதற்கான கருவியாக மட்டும் பார்ப்பவர், எடை இறங்காத மாதத்தில் அதை நிறுத்திவிடுகிறார். உண்மையில் அதன் முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அதனால்தான் எந்த நேரத்தில், யாரோடு, எந்த வழியில் என்று நடை ஒரு நிலையான இடத்தைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு மொட்டை மாடியோ வீட்டுக்கூடமோ என்று மாற்று வழியும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

பட்டினி கிடந்து குறைத்தவர்கள் கொழுப்போடு தசையையும் இழந்திருப்பார்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி அவர்களுக்கு அவசியம். டம்பெல்தான் வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை வைத்து எடுக்கும் தண்டாலும் தொடக்கத்துக்குப் போதும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

ரெனா விங் குழு 2006-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பழக்கத்தைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. சராசரியாக 19 கிலோ குறைத்திருந்த 314 பேரை எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவ்வப்போது கடிதம் மட்டும். மற்றவர்களுக்குத் தினமும் எடை பார்க்கவும், தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வு தொடங்கியபோது இருந்த எடையிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள், எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டேகால் கிலோவைத் தொட்டால் சிவப்பு, மறுபடி எடைக் குறைப்பில் இறங்க வேண்டும். கடிதம் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு அந்த இரண்டேகால் கிலோவோ அதற்கு மேலோ கூடிவிட்டது. நேரில் கூடிப் பயின்ற பிரிவில் அது 46 சதவீதம்.

எடை பார்ப்பதைவிட, எந்த எண்ணில் என்ன செய்வது என்று முன்னமே முடிவு செய்து வைத்திருந்ததே இதன் சூட்சுமம். இரண்டு கிலோவைத் திருப்புவது சில வார வேலை. எட்டு கிலோ ஏறிய பிறகு பார்த்தால் மலைப்பில் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடத் தோன்றும். நம்மில் பலர் செய்வது அதுதான்.

எண்ணைப் பார்த்தாலே நாள் முழுவதும் மனம் கெட்டுவிடும் என்றால் தினமும் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். உப்புக் கூடின மறுநாளும், மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் தண்ணீர்க் கட்டால் ஒரு கிலோ கூடித் தெரியலாம். அது கொழுப்பு இல்லை. இடுப்புக்கு ஒரு டேப்பும் வைத்துக்கொள்ளலாம். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

'கெட்டது கெட்டாச்சு'

வாரம் முழுக்க ஒழுங்காக இருந்து, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கொஞ்சம் அதிகமானதும், 'கெட்டது கெட்டாச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று குலாப் ஜாமூனும் ஐஸ்கிரீமும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு பிளேட் பிரியாணியால் யாரும் பெருத்துவிடுவதில்லை. அதற்குப் பின்னால் வரும் அந்த ஒரு வாக்கியம்தான் எடையைக் கூட்டுகிறது. நாளை என்பது சில சமயம் பொங்கல் கழித்து, சித்திரை கழித்து, மைத்துனன் கல்யாணம் கழித்து என்று தள்ளிப்போகும்.

வார நாள், விடுமுறை என்று பிரிக்காமல் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிட்டவர்களே எடையை அதிகம் காத்தார்கள் என்று முன்பு சொன்ன எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு காட்டியது. பண்டிகைக்கு அதிரசமே கூடாது என்பதல்ல இதன் பொருள். கடுமையாக இருந்துவிட்டு அவிழ்த்து விடுவதைவிட, எப்போதும் கொஞ்சம் இடம் கொடுத்து இருப்பது நீடிக்கிறது. இரண்டு அதிரசம் சாப்பிட்டவர் அடுத்த வேளைக்கு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டால் கதை முடிந்தது. பட்டினி கிடந்து பிராயச்சித்தம் தேட வேண்டியதில்லை.

எதற்காகக் குறைக்கிறோம் என்பதும் இதில் சேரும். கல்யாணத் தேதியை வைத்துக் குறைப்பவருக்குத் தேதி போனதும் காரணமும் போய்விடுகிறது. டாக்டர் சொல்லிப் பயந்து தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் காத்தார்கள் என்றும் பதிவேட்டில் தெரிந்தது.

தட்டில் மாற வேண்டியது

பத்து ஆண்டு செய்ய முடியாத மாற்றத்தைப் பத்து நாள் செய்து பயனில்லை. சோற்றை அடியோடு நிறுத்துவதாக சபதம் எடுக்கும் தஞ்சாவூர்க்காரரை நான் நம்ப மாட்டேன். இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. ஆகவே சோறு இரண்டு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் முட்டையோ மீனோ வந்தால் பசியும் தாங்கும், பழக்கமும் நிற்கும். நாளைக்கு நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி. சர்க்கரையை மெல்லக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

'சுகர் வந்துடுச்சா?'

இளைத்தவருக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் பாராட்டு இந்தக் கேள்வி. அடுத்தது, 'முகமே வாடிப்போச்சு, நல்லா சாப்பிடும்மா.' பந்தியில் வேண்டாம் என்று இலையை மறைத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைப்பது நம் தயக்கம். அத்தையிடம் 'போதும்' என்பதைவிட, 'ரசத்துக்கு இடம் வச்சிருக்கேன் அத்தை' என்றால் அவரும் விட்டுவிடுவார். வீட்டில் சமைப்பவர் ஒருவர், இளைக்கப் பார்ப்பவர் இன்னொருவர் என்றால், தனிச் சமையல் இரண்டு மாதம்கூட ஓடாது. எண்ணெயும் சர்க்கரையும் எல்லோருக்கும் சேர்ந்தே குறைய வேண்டும்.

ஊசியும் தராசும்

2025-இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தபின் ஊசி போட்டுக் குறைப்பவர்கள் பெருகுகிறார்கள். பசியைக் குறைக்கும் மருந்துகள் இவை. வெகோவியில் உள்ள செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது. ஆகவே எவ்வளவு நாள் போடுவது, எப்படி நிறுத்துவது என்ற கேள்வியை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

எடை எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை என்றாலும் பழக்கத்தை விட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மூன்று ஆண்டில் நோய் வரும் வாய்ப்பைச் சுமார் 28 சதவீதம் குறைத்தன. அவர்களின் எடையில் பெரிய மாற்றம் இல்லை.

பழக்கம் மாறாமலே எடை கூடினால் தைராய்டு பரிசோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும், அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் எடை குறையும்போது அளவை மாற்றிக்கொள்ளாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். முயற்சியே செய்யாமல் எடை தானாகக் குறைந்தால், அதைக் கொண்டாடாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.