வாரத்தில் 3 நாள்தான் தறி ஓடுது... இவர் வேலையில் இருப்பவரா, இல்லாதவரா? வேலையின்மை விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சேலம் மாவட்டம் மேச்சேரியில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தறி ஓடியது. புதன் இரவு பாவு தீர்ந்துவிட்டது. நூல் விலை ஏறிக் கிடப்பதால் அடுத்த பாவு எப்போது வரும் என்று தறி உரிமையாளருக்கே தெரியவில்லை. வியாழன் முதல் ஞாயிறு வரை வீடு, டீக்கடை, மறுபடி வீடு. மீட்டர் கணக்கில் கூலி என்பதால், தறி நின்றால் காசும் நின்றுவிடும்.

அந்த வாரம் அவர் வேலையில் இருந்தாரா, இல்லையா?

அரசுக் கணக்கில் இதற்குக் குழப்பமே இல்லை. அவர் வேலையில் இருந்தவர்தான். மூன்று நாள்கூட வேண்டாம், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் போதும்.

3.2% எங்கிருந்து வருகிறது?

நாட்டின் வேலையின்மையை அளப்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2017 முதல் நடத்தும் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு மூலம் இந்த எண் கிடைக்கிறது. 2023-24ல் சுமார் 1 லட்சம் வீடுகளில் விசாரித்தார்கள். அந்த ஆண்டு வேலையின்மை விகிதம் 3.2%.

"அட, நூத்துல மூணு பேருக்குத்தான் வேலை இல்லையா?" என்று தோன்றும். அப்படி இல்லை. 15 வயதைத் தாண்டிய 100 பேரில், வேலை பார்ப்பவர்களும் வேலை கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர்களும் சேர்த்து 60 பேர். இவர்கள்தான் உழைப்பாளர் படை. அதில் 58 பேர் வேலையில் இருக்கிறார்கள். மீதி 2 பேர். இந்த 2 பேரை 100-ல் அல்ல, 60-ல் பார்க்க வேண்டும். அப்படித்தான் 3 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

படிப்பவர்கள், முதியவர்கள், "வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் பெண்கள் ஆகிய மீதி 40 பேர் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அதே ஆண்டு, அதே கணக்கெடுப்பில் 4.9% என்று இன்னொரு எண்ணும் உண்டு. இரண்டும் சரிதான், கேள்விதான் வேறு. 3.2% என்பது கடந்த 365 நாட்களை வைத்து வருவது. ஆண்டின் பெரும்பகுதி வேலை இல்லாதவர்கூட, 30 நாளாவது ஏதாவது வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவராகிவிடுவார். 4.9% என்பது கடந்த 7 நாட்களை மட்டும் பார்ப்பது. மேச்சேரி தறிக்காரருக்கு ஒரு வாரம் முழுக்கப் பாவு வராமல் போனால், வாரக் கணக்கில் அவர் வேலையில்லாதவர். ஆண்டுக் கணக்கில் வேலையில் இருப்பவர். 2025 முதல் மாதாமாதம் வெளியாகும் எண் இந்த வாரக் கணக்கில்தான் வருகிறது. 2025 ஏப்ரலில் அது 5.1%.

ஆடு மேய்ப்பதும் வேலையா?

ஆமாம். தோலுக்கும் இறைச்சிக்கும் பெயர் வாங்கிய மேச்சேரி செம்மறியில் நாலைந்தை வைத்து மேய்க்கும் பெண்மணி, கணக்குப்படி சுயதொழில் செய்பவர். கணவரின் தறியில் சம்பளம் இல்லாமல் தார் சுற்றிக் கொடுத்தால், குடும்பத் தொழிலில் உதவியாளர். நூறு நாள் வேலைக்குப் போனாலும் வேலையில் இருப்பவர்தான். 2023-24ல் வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிச் சம்பளமில்லாத குடும்ப உதவியாளர்கள்.

பாடப்புத்தகத்தில் படித்த வேலையின்மை வகைகள் பலவும் மேச்சேரி போன்ற ஊரில் எதிரே வந்து நிற்கும். மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தாலும் இங்கே மானாவாரி நிலம் அதிகம். மழை முடிந்தால் காட்டு வேலையும் முடிந்தது, இது பருவகால வேலையின்மை. இரண்டு பேர் போதும் என்கிற நிலத்தில் நாலு பேர் உழைத்தால் அது மறைமுக வேலையின்மை. குறைந்த ஆட்களோடு ஓடும் தானியங்கித் தறி வந்து பழைய தறிக்காரர் வெளியேறினால் அமைப்பு சார்ந்தது. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளியும் ஒரு வகைதான், அதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் என்னவென்றால், மறைமுக வேலையின்மை 3.2-லும் தெரியாது, 4.9-லும் தெரியாது. நாலு பேரும் வேலையில் இருப்பவர்கள்! கையில் காசில்லாதவர் சும்மா இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார். வேலை தேடிக் காத்திருக்கவும் வீட்டில் கொஞ்சம் வசதி வேணும். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் மட்டும் விகிதம் 10.2 சதவீதமாக எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததல்ல. சுயதொழிலும் குடும்ப உழைப்பும் நிறைந்த நாட்டில் ஒரே எண்ணை வைத்து வேலையின்மையைச் சொல்ல முடியாது என்று 1970-லேயே தந்த்வாலா குழு சொல்லிவிட்டது. அதன்பின் 1972-73 கணக்கெடுப்பில் தினசரிக் கணக்கும் சேர்ந்தது. இதில் ஆளை எண்ணுவதில்லை, நாளை எண்ணுவார்கள். 4 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முழு நாள், அதற்குக் குறைந்தால் அரை நாள். நம் தறிக்காரரின் வாரம் இதில் 3 நாள் வேலை என்றும், அவர் வேலைக்குத் தயாராக இருந்த மற்ற நாட்கள் வேலையின்மை என்றும் பிரிந்து வரும். அவர் பர்ஸோடு ஒத்துப்போகும் கணக்கு இதுதான். ஆனால் தலைப்புச் செய்தியில் வருவது மற்ற இரண்டும்தான்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளுக்கு முன் அது 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்காகப் பதிவைப் புதுப்பிப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். பதிவே செய்யாத தறிக்காரர் அதில் இல்லை.

மேச்சேரிக்கு என்று தனி வேலையின்மை விகிதம் கிடையாது. பேரூராட்சி அளவில் கிடைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டுமே. ஆண்டில் 6 மாதமாவது வேலை பார்த்தவர் முதன்மைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுங்காலத் தொழிலாளி என்று அது பிரிக்கிறது. கடைசியாக எடுத்தது 2011-ல். அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1.