மூளையில் இரத்தக் கசிவு: எத்தனை நாள் ஆனது என்பதை எம்.ஆர்.ஐ. எப்படிக் காட்டுகிறது?

வீட்டுப் பெரியவருக்கு இரண்டு நாளாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'குரோனிக் சப்டியூரல்' என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, மூளையின் மேலுறைக்கு அடியில் நாள்பட்ட இரத்தக் கட்டு. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு, பக்கத்துல யாரு இருந்தா?" என்று குடும்பத்துக்குள் பேச்சு கிளம்பும். மருமகள் மீதோ, கவனித்துக்கொள்ள வைத்த ஆள் மீதோ பழி விழும். ஒரு மாதத்துக்கு முன் ஒளுச் செய்யும் இடத்தில் அவர் வழுக்கி விழுந்தது எவருக்கும் நினைவுக்கு வராது.

வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் மேலுறைக்கும் இடையே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலேயே அவற்றில் ஒன்று கிழிந்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கசியலாம். ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

அந்தக் கசிவின் வயதைக் காட்டிக்கொடுப்பது இரத்தத்தில் உள்ள இரும்பு. ஆக்சிஜன் உள்ள இரத்தமும் ஆக்சிஜன் இழந்த இரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் 1936-இல் கண்டறிந்தார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. கருவியே கிடையாது.

குழாயை விட்டு வெளியே வந்த இரத்தம் நாளாக ஆக மாறுகிறது. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று இரு வகைப் படங்கள் எடுப்பார்கள். முதல் நாளில் இரத்தம் டி2 படத்தில் வெளுப்பாகத் தெரியும். ஒன்று முதல் மூன்று நாளில் ஆக்சிஜன் போய்விடுவதால் அதே படத்தில் கறுத்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு டி1 படம் வெளுக்கத் தொடங்கும். ஒரு வாரம் கடந்து சிவப்பணுக்கள் உடைந்ததும் இரண்டு படங்களிலுமே வெளுப்பு. மூளைக்குள் ஏற்பட்ட கசிவாக இருந்தால், கடைசியில் இரும்புக் கறை மட்டும் கறுப்பாகத் தங்கிவிடும். அது பல ஆண்டுகள் அழியாது. நீண்ட நாள் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவர்களே அறியாத பழைய சிறு கசிவுகள் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் இது நாள்காட்டி அல்ல. பழைய கட்டுக்குள் புதிதாக இரத்தம் கசிந்தால் இரண்டும் கலந்து தெரியும். இரத்தசோகை, கருவியின் காந்த வலிமை, கசிந்த இடம் எல்லாமே நிறத்தை மாற்றும். குறிப்பாக, மேலுறைக்கு அடியில் உள்ள கசிவு இந்தக் கணக்குக்குச் சரியாக அடங்குவதில்லை. 'சில நாள்', 'சில வாரம்' என்று சொல்லலாமே தவிர, இந்தக் கிழமை, இந்த வேளை என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. விபத்து வழக்கிலும் இதே நிலைதான். ஆகவே படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து நடத்துவது நியாயமில்லை.

வயது தெரிந்தால் சிகிச்சைக்குப் பயன் உண்டு. நாள்பட்ட கட்டு பெரும்பாலும் நீர்த்துப்போயிருப்பதால் மண்டையோட்டில் சிறு துளையிட்டே வெளியேற்றிவிடலாம். புதிய கட்டு உறைந்து கெட்டியாக இருக்கும்; மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்ய வேண்டி வரலாம்.

தலையில் அடிபட்ட அவசரத்தில் முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன்தான். அதுவே விரைவானது, புதிய இரத்தத்தைத் தெளிவாகக் காட்டுவது. ஆனால் ஓரிரு வாரம் கழிந்ததும் இரத்தம் மூளையின் நிறத்தோடு ஒன்றிப்போய் சி.டி.யில் கண்ணுக்குத் தப்பக்கூடும். அப்போது எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திண்டுக்கல்லில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினால், 60 கி.மீ.க்கும் மேல் பயணம். புறப்படும் அவசரத்தில் முதல் ஸ்கேன் படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பழைய படத்தோடு புதியதை ஒப்பிடும்போதுதான் கசிவின் வயது ஓரளவு உறுதியாகும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையும் கையில் இருக்கட்டும். கடந்த மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா, தலை இடித்ததா என்று பெரியவரிடமும் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டு, அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.