கேட்போர் கூடினால் பாட்டு வாழும்

நல்ல பாட்டொன்றைக் கேட்டவன் அதைத் தன்னுள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதில்லை. "நீ கேட்டாயா?" என்று அடுத்தவனை வினவுகிறான். அவன் கேட்டிராவிடில் கேட்கச் செய்கிறான். கேட்டிருந்தாலோ, எந்த இடம் சிறந்தது என்று இருவரும் வாதிடத் தொடங்கிவிடுகின்றனர். இசை பிறப்பது பாடுவோனிடத்தில். அது வளர்வதோ கேட்போர் கூட்டத்தில். இவ்வுண்மை இலண்டன் மாநகருக்கும் பொருந்தும். தெமோதரை மலைச்சரிவிலுள்ள தோட்ட லயத்துக்கும் பொருந்தும்.

நெடிய இசையும் அதன் அன்பரும்

இங்கிலாந்தில் 1960களின் பிற்பகுதியில் 'புரோகிரசிவ் ராக்' என்றோர் இசைவகை தோன்றியது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டே அடங்கும். 1948இல் வெளிவந்த நீள இசைத்தட்டோ, ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேலும் இடந்தந்தது. அவ்விடத்தை நிரப்பவல்ல நெடும்பாட்டுக்களை அந்நாட்டு இளைஞர் ஆக்கினர். 'எஸ்' என்னும் குழு 1972இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற தட்டில், அப்பெயர் கொண்ட பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் கொள்கிறது. அதே ஆண்டில் 'ஜெத்ரோ டல்' குழுவினர், 'திக் ஆஸ் எ பிரிக்' என்னும் ஒரே ஆக்கத்தைத் தட்டின் இரு பக்கங்களுக்கும் விரித்தனர். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவ்விசையின் அன்பர்கள் ஓய்ந்தபாடில்லை. தட்டுக்களைத் தேடிச் சேர்ப்பதும், இந்தக் கச்சேரியில் வாசித்தது சிறப்பா, அந்தக் கச்சேரியில் வாசித்தது சிறப்பா என்று ஒப்பிடுவதும் அவர்களுக்குத் தீராத இன்பம்.

இத்தகைய ஆர்வம் மேல்நாட்டார்க்கே உரியதென்று நம் மாணவர் எண்ணுவாராயின், அவர்கள் தம் பாட்டன்மாரைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நெடிய இசையை இரவு முழுவதும் விழித்திருந்து கேட்பதும், கேட்டதைப் பல நாள் பேசி மகிழ்வதும் நம்மவர்க்குப் புதியன அல்ல.

பிரட்டுக் களத்தில் ஓரிரவு

எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே உள்ளது தெமோதரை. புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்லும் விந்தையைக் காண இன்று பல நாட்டவரும் அங்கே வருகின்றனர். அப்பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கால்நடையாக மலையேறி, காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைக்க வந்துவிட்டனர். அவர்கள் கொண்டுவந்த பொருள் சிறிது, பாட்டோ பெரிது.

அப்பாட்டுச் செல்வத்துள் தலையாயது காமன் கூத்து. மாசி மாத அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றுவர். அது முதல் பௌர்ணமியை ஒட்டிய நாள் வரை, பகலெல்லாம் கொழுந்தெடுத்துக் களைத்த மக்கள் இரவில் களத்தில் கூடுவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான் மன்மதன், போக வேண்டாமென்று தடுக்கிறாள் ரதி, அவன் கேளாது சென்று நெற்றிக்கண்ணால் எரிகிறான், ரதி புலம்புகிறாள். கதை யாவரும் அறிந்ததே. ஆயினும் ஆண்டுதோறும் அப்புலம்பலைக் கேட்டு மகளிர் கண்ணீர் வடிப்பர். ரதியாக நிற்பவன் பகலில் கவ்வாத்து வெட்டிய அண்டை வீட்டு இளைஞன் என்பதை அறிந்தும் வடிப்பர்.

இங்கே பார்ப்போர் வெறுமனே பார்ப்பவரல்லர். தப்பின் அடி மாறும்போதே அடுத்து வருபவர் யாரென்று குழந்தையும் சொல்லிவிடும். ஒரு வரியைக் கூத்துக்காரர் மறந்தால் கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் எடுத்துக் கொடுப்பார். பனியில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தார் வந்து அமர்வர். தங்கள் தோட்டத்து ரதி இதைவிட நன்றாக அழுவாள் என்று சொல்லாமல் திரும்பமாட்டார்!

இவ்வாதாட்டத்தின் வேர் தாய்நாட்டிலும் உண்டு. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையை ஒட்டி லாவணிப் பாட்டுக்காரர் இரு பக்கமாகப் பிரிவர். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. விடை காண்பது நோக்கமன்று. பாட்டால் மடக்குவதும் மடக்கப்படுவதுமே இன்பம். கேட்போரும் கட்சி சேர்ந்துகொள்வர்.

தபாலட்டை தேடித்தந்த புகழ்

கூத்து மாசியில் வரும். மற்ற மாதங்களுக்கு வானொலி வந்தது. 1950இல் இலங்கை வானொலியில் வர்த்தக சேவை தொடங்கிற்று. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் கடலுக்கு இரு புறத்தும் வீட்டுக் குரலாயிற்று. பிற்காலத்தில் கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரை அறியாத தமிழ் வீடு அரிது. 'பொங்கும் பூம்புனல்' பொழுதை விடிவித்தது. 'நீங்கள் கேட்டவை' தபாலட்டைகளை வரவழைத்தது.

மின்சாரம் எட்டாத லயங்களில் மின்கலத்தால் இயங்கும் பெட்டி ஒன்றைச் சுற்றிப் பல குடும்பங்கள் அமரும். பாட்டைக் கேட்பதோடு, பாட்டைக் கேட்டு எழுதியவர் பெயர்களைக் கேட்பதிலும் அவர்களுக்கு ஆர்வம் மிகுதி. தம் தோட்டத்தின் பெயர் ஒலித்துவிட்டால் அன்று லயமே திருவிழாக் கோலம் கொள்ளும்.

இம்மகிழ்ச்சியைச் சிறுபிள்ளைத்தனம் என எவரும் எண்ணற்க. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் நீக்கப்பட்டனர். அரசாங்கத்தின் ஏடுகளில் இடம்பெறாத பெயர், அரசாங்கத்தின் வானொலியில் ஊர்ப்பெயருடன் ஒலித்தது. 'நாமும் இந்நாட்டில் இருக்கிறோம்' என்று அவர்கள் நாடறியச் சொல்வதற்கு ஒரு சினிமாப் பாட்டு வழிசெய்தது. இரசிகனாயிருப்பதும் ஒருவகையில் குடிமகனாயிருப்பதே அன்றோ?

பின்னர்ப் பிரிவு வந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே பெட்டியைச் சுற்றியிருந்த குடும்பங்களுள் சில தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதம் ஏறின. சில லயத்திலேயே தங்கின. ஆனால் வானொலிக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு அப்பால் சென்றவரும் அதே அறிவிப்பாளரை, அதே பாட்டைக் கேட்க முடிந்தது. நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

காது இரண்டு, கூட்டம் ஒன்று

இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. அதனுள் உலகத்துப் பாட்டெல்லாம் உண்டு. இதை நாம் குறை கூறவில்லை. தெமோதரையிலிருக்கும் மாணவன் இலண்டன் இசையை நொடியில் கேட்பது பெரும்பேறே. ஆயினும் காதில் கருவியைச் செருகியபின் அவன் தனியனாகிறான். தந்தை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் என வீடே சிதறிவிடுகிறது. பாட்டு மிகுந்தது, கூடிக் கேட்டல் குறைந்தது.

இலண்டன் இசைத்தட்டுக்கு இதனால் கேடில்லை. அது பதிவாகி நிலைத்துவிட்டது. காமன் கூத்தோ காதால் கேட்டு வாயால் கற்பது. வரியை எடுத்துக் கொடுக்கும் முதியவர் கூட்டத்தில் இல்லாத நாளில் அவ்வரியும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டமக்கள் பாடியவற்றைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் நூலாக்கினார். ஒருவர் தொடங்கியதைத் தொடர்வது பலர் கடன்.

மாணவர்களே! வரும் விடுமுறையில் உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரை நாடுங்கள். அவர் பாடுவதை அந்தத் தொலைபேசியிலேயே பதிவு செய்யுங்கள். எந்தப் பாட்டு, யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்பவற்றைக் குறித்து வையுங்கள். பின் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் வீட்டார் அனைவரும் கூடியிருந்து கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்தாருக்கும் கேட்கக் கொடுங்கள். "எங்கள் ரதி இதைவிட நன்றாக அழுவாள்" என்று அவர்கள் சண்டைக்கு வருவாராயின் மகிழுங்கள். சண்டைக்கு ஆள் இருக்கும்வரை பாட்டுக்கு அழிவில்லை.