கடலூரா? சென்னையா?

கடலூரிலேயே இருப்பதா, சென்னைக்குக் குடி போவதா? கடலூர்க் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வந்தது!

கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. விலை பேசிய விதம் வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்! "குண்டு உப்பலவாடி" என்ற ஊர்ப்பெயர் அதில் வந்ததுதான் என்பார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ராபர்ட் கிளைவ் அப்போது சாதாரண குமாஸ்தா. மாறுவேடம் போட்டுத் தப்பி, கடலூர் வந்து சேர்ந்தார். சென்னையை இழந்த கம்பெனிக்குக் கடலூரே தலைமை இடம் ஆயிற்று.

1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. உடனே மூட்டை கட்டினார்களா? இல்லை. 1752-ல்தான் தலைமை இடம் சென்னைக்கு மாறியது.

அவர்களுக்கு நல்ல காலம்! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தார். கடலூர்க் கோட்டை விழுந்தது. மதில்களை இடித்துத் தள்ளினார். பிறகு சென்னையை முற்றுகையிட்டார். அது விழவில்லை. 1759-ல் வெறுங்கையோடு திரும்பினார்.

சென்னைக் கோட்டையில் இன்று சட்டசபை கூடுகிறது. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில், இடிபாடுகள்தான் மிச்சம்.