ராத்திரி நாலு தடவை

பத்து மணிக்குப் படுத்தவர் பன்னிரண்டுக்கு எழுந்திருக்கிறார். பிறகு ஒன்றரைக்கு, மூன்றுக்கு, நாலரைக்கு. போய் நின்றால் உடனே வருவதில்லை. நூலாக இறங்கி, நின்று, சொட்டுகிறது. திரும்பி வந்து படுத்தாலும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கும். "வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டால் வீட்டில் பேச்சு முடிந்தது.

அரண்மனையிலும் இதே பாடுதான். 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் வீக்கம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். உடனே அந்நாட்டு அரசு மருத்துவ சேவையின் இணையதளத்தில், அந்த நோய் பற்றிய பக்கத்துக்கு வந்தவர்கள் பல மடங்கு பெருகினார்கள். அதுவரை வாய்விட்டுக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர்கள் போலும்.

புராஸ்டேட், சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டி இருக்கும் சுரப்பி. வாலிபத்தில் சுமார் 20 கிராம். சிறுநீர்க்குழாய் இதன் நடுவே புகுந்து போகிறது, பின்னால் மலக்குடல், இரு பக்கமும் விறைப்புக்கான நரம்புகள். ஒரு வீட்டுச் சண்டை மூன்று வீட்டுக்கும் கேட்கும். மலச்சிக்கலில் குடல் அடைத்துக்கொண்டால் சிறுநீர் கழிப்பதும் சிரமமாகிவிடுகிறது.

வீங்கிய சுரப்பியைச் சுருக்கும் மருந்துக்கான துப்பு கிடைத்தது, டொமினிகன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில். அங்கே பெண் என்று வளர்க்கப்பட்ட சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுவாக்கில் குரல் உடைந்து, ஆணுறுப்பு வளர்ந்தது. அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி தேடிப் போய் ஆராய்ந்து, 1974-இல் காரணத்தை எழுதினார்: டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இது வேலை செய்ய ஆறு மாதம்கூட ஆகும். சிலருக்கு ஆசை குறையும். டாம்சுலோசின் என்ற இன்னொரு மருந்து சில நாளிலேயே தசையைத் தளர்த்தி வழி விடும், ஆனால் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். புராஸ்டேட் அறுவைசிகிச்சைக்குப் பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது சகஜம். ஆபத்தில்லை. ஆனாலும் முன்கூட்டியே சொல்லாத டாக்டரை மன்னிக்க முடியாது!

சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை இன்னொரு வில்லன். மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் கீழே வழியை இறுக்கிவிடும். நள்ளிரவில் ஒரு சொட்டும் வராமல், அடிவயிறு பானை போல உப்பி, ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். ட்யூப் போட்டதும் பை நிறைகிறது, முகம் தெளிகிறது.

சிறுநீரில் ரத்தம் வந்தால் நாள் கடத்தக் கூடாது.

ராத்திரி எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்டே காரணம் என்றும் இல்லை. அதனால்தான் சில டாக்டர்கள் முதலில் ஓர் அளவுக்குவளையும் தாளும் கொடுத்து, மூன்று நாளுக்கு நேரமும் அளவும் குறித்துவரச் சொல்கிறார்கள். இரவுக் கணக்கு பகலைவிட எகிறியிருந்தால் டாக்டர் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். விரல் பட்ட இடம் குழியாக நிற்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் ஏறி, நாலு தடவை எழுப்பியிருக்கிறது.