கதிரவனைத் தொடரும் ஆடிகள்

மொராக்கோவின் வர்ஸாஸாத் நகருக்கு அருகே, 2018-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய நூர்-3 நிலையத்தில் ஏறத்தாழ 250 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தைச் சூழ்ந்து 7,400 பெரும் ஆடிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவை திருப்பியனுப்பும் வெயில் கோபுர உச்சியிலுள்ள ஏற்பியின் மீது குவிகிறது. அதனுள் ஓடும் உருகிய உப்பு 560 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அவ்வெப்பமே நீராவியாக்கிச் சுழலியை இயக்குகிறது.

ஹீலியோஸ்டாட் எனப்படும் இவ்வாடிகள் கதிரவனையே நோக்கி நிற்பவை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவை கதிரவனையும் நோக்குவதில்லை, கோபுரத்தையும் நோக்குவதில்லை. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பதால், இவ்விரு திசைகளுக்கும் நடுவிலுள்ள திசையையே ஆடி நோக்கவேண்டும். கதிரவனோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வோர் ஆடியின் இருப்பிடமும் வேறு. எனவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. எரிக்கும் ஆடிகள் குறித்துத் தனி நூல்கள் இயற்றிய இப்னுல் ஹைதம், ஒளிமூலமும் கண்ணும் குறிக்கப்பட்டிருக்க, கோள ஆடியில் ஒளி மீளும் புள்ளி எதுவென்ற கடினமான வினாவை பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். அங்கே ஆடி நிலையானது, புள்ளி தேடப்பட்டது; இங்கே புள்ளி நிலையானது, ஆடியின் சாய்வு தேடப்படுகிறது.

இடர்ப்பாடு கணக்கில் இல்லை. இரும்பிலும் மண்ணிலும் இருக்கிறது. ஆடி ஒரு மில்லிரேடியன், அதாவது ஒரு பாகையில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்கு, பிசகினால் ஒளிக்கற்றை அதைப்போல் இருமடங்கு விலகும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது 2 மீட்டர். கதிரவன் ஒரு புள்ளியன்று, வட்டு. ஆகையால் பழுதற்ற ஆடியின் ஒளித்திட்டும் அத்தொலைவில் 9 மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். இதற்கு மேல் பிழைக்கு இடங்கொடுக்க முடியாது. கான்கிரீட் அடித்தளம் சற்றே சாய்ந்திருக்கலாம். பற்சக்கரங்களுக்கு இடையே தளர்வு இருக்கலாம். தன் எடையாலும் காற்றாலும் சட்டம் வளையலாம்.

அளவைத் தேர்வதிலும் வடிவமைப்பாளர்கள் ஒருமித்தாரில்லை. 2007-இல் ஸ்பெயினின் செவில் அருகே இயங்கத் தொடங்கிய பிஎஸ்-10 நிலையம் 120 சதுரமீட்டர் ஆடிகள் 624-ஐக் கொண்டது. பேராடியானால் மோட்டார்கள் குறையும். ஆனால் காற்றைத் தாங்கக் கனத்த இரும்பு வேண்டும். சிற்றாடி எளியது, எண்ணிக்கையோ பெருகிவிடும். கலிபோர்னியாவின் ஐவன்பா நிலையத்தில் ஏறத்தாழ 1,73,500 ஹீலியோஸ்டாட்டுகள் நிறுவப்பட்டன. 2016 மே மாதம் அவற்றுட் சில திசை பிசகியதால், குவிந்த ஒளி ஏற்பியை விட்டுக் கோபுரத்தின் வேறு பகுதியில் விழுந்து தீ மூண்டது.

ஆகவேதான் சோதனை இன்றியமையாததாகிறது. ஏற்பிக்குக் கீழே வெண்ணிற இலக்குப் பலகை பொருத்தப்படுகிறது. ஓர் ஆடியின் ஒளியை மட்டும் அதன்மீது விழச்செய்து, ஒளிப்படம் எடுத்து, திட்டின் மையம் எவ்வளவு விலகியுள்ளது எனக் கணிக்கின்றனர். ஒருமுறை பார்த்தால் போதாது. காலையில் சரியாக இருந்தது மாலையில் பிசகும். வெவ்வேறு வேளைகளில் கிடைத்த விலகல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான், குற்றம் அடித்தளத்தின் சாய்விலா அச்சின் கோணலிலா என்பது புலப்படும். அதற்கேற்பக் கணினியின் கணக்கைத் திருத்தலாம், ஆடியைத் தொடவேண்டியதில்லை. பலகையோ ஒன்றிரண்டு, ஆடிகளோ ஆயிரக்கணக்கு. முழுக் களத்தையும் இவ்வாறு சோதிப்பது நெடும்பணியாகும்.

ஆடிப்பரப்பின் நெளிவை அறிய வேறொரு வழி உண்டு. இரவில் கோபுரத்தின் பலகைமீது கோடுகளை ஒளியால் வரைந்து, ஆடியில் தெரியும் அவற்றின் பிம்பத்தைப் படமெடுப்பர். கோடு எங்கே வளைகிறதோ அங்கே கண்ணாடியும் வளைந்திருக்கிறது.